எந்தப் பேருக்கு எந்தச் செபம்

லூர்து என்ற பேரில் வந்து செபம் மறுபடியும் தட்டி நின்றுவிட்டது. எமரென்சி அம்மாள் மடியிலிருந்த தட்டைச் சரியாக வைத்துக்கொண்டு, பாதி உருவின முருங்கைக் காம்பைக் கையில் பிடித்தபடியே முதலிலிருந்து தொடங்கினாள். சவேரி, லூர்து, இஞ்ஞாசி, பெர்னதெத்து. பேர் சொல்வதில் ஒரு தடையும் இல்லை. பேருக்குப் பின்னால் என்ன சொல்வது என்பதில்தான் முந்தாநாளிலிருந்து மாட்டிக்கொண்டு கிடக்கிறது. இருக்கிறவர்கள் என்றால் காப்பாத்தும் ஆண்டவரே என்று சொல்லலாம். போனவர்கள் என்றால் இளைப்பாற்றி கொடும் என்று சொல்ல வேண்டும். நாலில் ரெண்டு நின்றுபோய்விட்டது, ரெண்டு இருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்கள். எந்த ரெண்டு என்று யார் சொல்வது? அவர்களுக்கு அது ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு. பேர் வைத்தது இவள். யாரும் கேட்கவில்லை, வைக்கச் சொல்லவுமில்லை. நாலு முட்டையும் கருவாகிவிட்டது என்று மகள் ஜெசிந்தா அன்றைக்குச் சொன்ன சூட்டில், நேரே போய் மாதா படத்துக்கு முன்னால் முட்டிபோட்டு வரிசையாக வைத்துவிட்டாள். மனசுக்குள்தான் வைத்தாள். வாய்விட்டுச் சொன்னால் மகள் என்ன சொல்வாள் என்று தெரியும். அம்மா, அதெல்லாம் ஒரு புள்ளி அளவுகூட இல்ல, என்பாள். புள்ளி அளவு இல்லாததற்குத்தான் பேர் வேண்டும், வேறு எதை வைத்துப் பிடித்துக்கொள்வது. இப்போது பார், இருக்கிற பிள்ளைக்கு இளைப்பாற்றி கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதே விரல் நுனி கூசுகிறது. போன பிள்ளையைக் காப்பாத்தும் என்று கேட்பதோ, கதவு பூட்டின வீட்டில் நின்று தட்டுவது மாதிரி. அதனால் ஒவ்வொரு பேருக்கும் ரெண்டையும் சொல்லிப் பார்த்தாள். அதுவும் சரியாக வரவில்லை. ஆண்டவருக்குக் குழம்பாது, அவளுக்குத்தான் குழம்பியது. உள் அறையில் ஜெசிந்தா நடக்கிற சத்தம் கேட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடக்கிறாள். இன்றைக்குக் காலையில் லேபிலிருந்து கூப்பிட்டுச் சொல்வார்கள். ஒன்றாவது முழுசாக வளர்ந்திருந்தால் மத்தியானமே உள்ளே வைத்துவிடுவார்கள். இல்லையென்றால் அவ்வளவுதான். இதற்கு மேல் உடம்பும் தாங்காது மனசும் தாங்காது, இதுதான் கடைசி என்று மகளும் மருமகன் லியோவும் பேசி முடிவெடுத்தாயிற்று. லியோ ஆபீசிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவான், போன் வந்தால். வந்தால் என்று சொல்லக்கூடாது, வந்ததும் என்று சொல்ல வேண்டும். நுனியைப் பிடித்து அடிப்பக்கமாக உருவினால் இலை மட்டும் வருகிறது, மாற்றி உருவினால் நரம்பும் சேர்ந்து பிய்கிறது. கையில் இருந்ததை மாற்றித்தான் உருவியிருக்கிறாள். தட்டில் பாதி காம்பு.

காம்பைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே, கரு எட்டு செல்லாகிற வரைக்கும் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று மகள் சொன்னதை நினைத்தாள். இவள் எட்டாம் வகுப்போடு நின்றவள், மகள் அதையே படித்து டாக்டர் பட்டம் வாங்கினவள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மற்ற டாக்டர். பெங்களூரில் அத்தனை வருசம் என்ன படிக்கிறாய் என்று கேட்டால், ஒரு செல்லுக்கு எது மேல் எது கீழ், எது முன்னால எது பின்னால என்று எப்படித் தெரியுது, அதைத்தான்மா, என்பாள். அதுக்கா இவ்வளவு வருசம் என்று அவள் அப்பா பிலவேந்திரன் சிரிப்பார். ஹார்பரில் இழுவைக் கப்பலில் மெக்கானிக்காக இருந்த மனுசன். கப்பலுக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரிய எனக்கு ஒரு நாள் போதும்ளா, என்பார். போன வாரம், ஆஸ்பத்திரியில் முட்டை எடுத்துவிட்டு வந்து படுத்திருந்தபோது, அம்மா கேட்டாளே என்று ஜெசிந்தா டப்பாவிலிருந்து முந்திரிக்கொத்தை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினாள். கிறிஸ்துமசுக்குப் போட்டது, தூத்துக்குடியிலிருந்து வரும்போது இவள்தான் கொண்டுவந்தாள். பாருங்க, பாசிப்பயறு உருண்டை தனித்தனியா இருக்கும்போது ஒவ்வொண்ணும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்ணுதான். ரெண்டு மூணு உருண்டையைச் சேத்து மாவுல முக்கிப் போட்டதும் என்ன ஆகுது? ஒட்டின பக்கம் ஒண்ணு, ஒட்டாத பக்கம் ஒண்ணு. கருவும் அப்படித்தான், எட்டு செல் ஆனதும் ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கிடும். பக்கத்துல ஆள் இருக்கிற பக்கம் உள்பக்கம். ஆள் இல்லாத பக்கம் வெளிப்பக்கம். அப்பத்தான் அதுகளுக்கு முதல்முறையா பக்கம்னு ஒண்ணு வருது. அதுக்குப் பிறகு பிரியும்போது வெளிப்பக்கம் கிடைச்சது எல்லாம் நஞ்சுக்கொடி ஆகப் போகும். வெளிப்பக்கமே இல்லாம நடுவுல மாட்டினது பிள்ளை ஆகும். யாரு சொல்லுதா அதுக்கு, என்று கேட்டாள் எமரென்சி. யாரும் சொல்லலம்மா, தொட்டுக்கிட்டு இருக்கிறதுதான் சொல்லுது, என்றாள் மகள். சொல்லிவிட்டு அந்த முந்திரிக்கொத்தைக் கடித்துத் தின்றுவிட்டாள். இவளுக்கு ஏனோ பகீரென்றது.

தொட்டுக்கொண்டு இருப்பதுதான் சொல்கிறது. அது அவளுக்குப் புது விசயம் இல்லை. பிலவேந்திரனின் பச்சை ஸ்கூட்டர் இருந்த காலம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற வழி. மூத்தவன் ஜெரோம் முன்னால் கம்பியைப் பிடித்து நிற்பான், இவர் ஓட்டுவார், பின்னால் இவள், ரெண்டு பேருக்கும் நடுவில் ஜெசி. கடற்கரை ரோட்டில் மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க இடம் கிடையாது, ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல். நிறுத்தாமல் போவார். கோயில் வாசலில் இறங்கினால் அவருக்கு நெஞ்சு வயிறு எல்லாம் தொப்பல், முதுகு காய்ந்திருக்கும். இவளுக்கு முதுகு தொப்பல், நெஞ்சுப் பக்கம் காய்ந்திருக்கும். ஜெரோமுக்கு எல்லாப் பக்கமும் ஈரம், அவனுக்கு அதில் ஒரு சந்தோசம். ஜெசிந்தாவின் கவுனில் ஒரு சொட்டு இருக்காது. நல்ல நாளும் அதுவுமா நசுங்கிட்டேன் என்று அழுவாள். ஈரச் சேலை முதுகில் ஒட்டின குளிர் இப்போதும், இந்தச் சென்னை வெயிலிலும், தோள்பட்டைக்குக் கீழே அதே இடத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன நினைத்தாள்? ஒன்றும் நினைக்கவில்லை. பூசை தொடங்கியிருக்குமோ என்று நினைத்திருப்பாள். சந்தோசமாக இருந்ததை அப்போது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே இருந்தவர் போய்ச் சேர்ந்தார், வெளியே இருந்தவள் இங்கே கீரை உருவிக்கொண்டிருக்கிறாள், நடுவில் இருந்தவள் அறைக்குள் நடக்கிறாள். நஞ்சுக்கொடி என்றதும் நினைவு வருகிறது. ஜெசி பிறந்தபோது கன்னியாஸ்திரிகள் ஆஸ்பத்திரியில் ஆயா அதை ஒரு சட்டியில் போட்டுக் கொடுத்தாள். நாய் தோண்டாத இடமாப் பாத்துப் புதைங்க அண்ணாச்சி, என்று. பிலவேந்திரன் அதை வீட்டுப் பின்பக்கம் ஆழமாகப் புதைத்துவிட்டு, அடையாளத்துக்கும் காவலுக்கும் ஒரு முருங்கைக் கம்பை நட்டார். தண்ணீரில் வாழ்ந்த ஆளுக்குக் கம்பில் தலை எது கால் எது என்று தெரியவில்லை. தலைகீழாக நட்டுவிட்டார். தினம் காலையில் தண்ணீர் ஊற்றுவார், துளிர் வந்துச்சா என்று குனிந்து பார்ப்பார். பக்கத்து வீட்டு முத்தையா, ஏரல் பக்கத்து விவசாயக் குடும்பம், ஒரு நாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, மாப்ள, இது என்ன துளிரை மண்ணுக்குள்ள விடச் சொல்லுதீரா, என்று கேட்டார். பிடுங்கிப் பார்த்தால் நிஜமாகவே மண்ணுக்குள் வெளுத்துப் போய் ரெண்டு துளிர், வெளிச்சம் பார்க்காமல் மடங்கிக் கிடக்கிறது. மேலே வெயிலில் வேர் விடப் பார்த்துக் கருகின மொக்குகள். கம்புக்கு மறக்கவில்லை, கவிழ்த்தாலும் மறக்கவில்லை. முத்தையா திருப்பி நட்டுக் கொடுத்தார், பிடித்துக்கொண்டது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித் தெருவே சிரித்தது. கப்பல்காரர் நட்ட மரம் என்று அதற்குப் பேர். பெங்களூரில் முதல் நாள் பேராசிரியரிடம் ஜெசிந்தா அந்தக் கதையைத்தான் சொன்னாளாம்.

வெட்டினாலும் திருப்பினாலும் மறக்காது, எல்லாவற்றிலும் இருக்கிறது அது, என்பாள் மகள். மனுசனுக்கு முன்னால, மீனுக்கு முன்னால, மரத்துக்கும் முன்னால, உலகத்துல ஒத்தை ஒத்தைச் செல்லா நீந்திக்கிட்டு இருந்த காலத்துலயே வந்திருச்சும்மா. கண்ணுக்குத் தெரியாத கிருமிக்குக்கூடப் பழைய முனை, புது முனை என்று உண்டாம். நடுவில் பிரிந்து ரெண்டாகும்போது, பிரிந்த இடம் ரெண்டுக்கும் புது முனை, மற்ற முனை பழசு. அதைக் கேட்டதிலிருந்து எமரென்சி அதை விடவில்லை. பிரிந்த இடம்தான் புதுசு. உலகம் உண்டான அன்றைக்கு வெளிச்சம் ஒரு பக்கம், இருட்டு ஒரு பக்கம் என்று பிரித்துத்தானே ஆண்டவர் முதல் வேலையைத் தொடங்கினார். கடல்பாசியின் முட்டையும் அப்படித்தானாம். தண்ணீரில் மிதக்கும்போது அதற்கு ஒரு பக்கமும் கிடையாது, பாறையில் போய் விழுந்த பிறகு வெளிச்சம் படுகிற பக்கம் இலையாகும், நிழல் பக்கம் பாறையைப் பிடித்துக்கொள்ள வேராகும். பெங்களூருக்கு முதல்முறை போனபோது ஸ்டேசனில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் போன பிறகு பிலவேந்திரன், வேர் எந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டியா, என்று கேட்டார். இவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு பக்கம் பழசாகிறது, பிரிந்த இடம் மட்டும் புதுசாகவே இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது. அவருக்கு நோவு வந்த வருசமும் மகள்தான் வராந்தாவில் வைத்துச் சொன்னாள். குடலில் இருக்கிற செல் ஒவ்வொன்றுக்கும் ரெண்டு முகமாம். சாப்பாடு வருகிற பக்கம் வாங்குகிற முகம், ரத்தம் ஓடுகிற பக்கம் கொடுக்கிற முகம். நாள் முழுக்க ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுத்துக்கொண்டே இருக்குமாம். அதான் நான் அடுப்படியில செய்யுத வேலை என்று இவள் சொன்னாள், மகள் சிரிக்கவில்லை. அப்பா குடல்ல சில செல் பக்கத்தை மறந்துருச்சும்மா, எந்தப் பக்கம் வாங்கணும், எந்தப் பக்கம் கொடுக்கணும், எந்த இடத்துல நிக்கணும்னு மறந்துட்டுக் கண்டபடி கிளம்பிருச்சு, என்றாள். முருங்கைக் கம்பு மறக்கவில்லை, கிருமி மறக்கவில்லை, அந்த மனுசன் உடம்பு மறந்துபோயிற்று. கடைசி வாரங்களில் கட்டிலில் கால்மாட்டில் தலை வைத்துப் படுத்தார். தலையணையை இவள் மாற்றி மாற்றி வைப்பாள், அவர் மறுபடி திருப்பிக்கொள்வார். நோவில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தாள். ஒரு நாள் சொன்னார், அந்தப் பக்கம் படுத்தா சுவருதான் தெரியுது, இந்தப் பக்கம்னா அடுப்படி தெரியுதுளா, என்று. அதை நினைக்கக்கூடாது. இன்றைக்கு அதை நினைக்கக்கூடாது. தட்டில் கீரை குவிந்துவிட்டது, பகலில் இருக்கிற ரெண்டே ரெண்டு பேருக்கு இவ்வளவு கீரை எதற்கு.

ஊரில் பூசைக்குப் போகும்போது சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கப் போகாமல் உட்கார்ந்திருந்தாள், இந்த வைத்தியம் தொடங்கினதிலிருந்து. எல்லாரும் எழுந்து வரிசையில் போவார்கள், இவள் முழங்காலை ஒதுக்கி வழி விடுவாள். பக்கத்துப் பெஞ்சு செலின் மூணாவது வாரம், முட்டி வலியா அக்கா, என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குள் வேறு கேள்வி இருந்தது, ரெண்டு பேருக்கும் தெரியும். முட்டி வலிதான் என்றாள். இந்த வைத்தியம் திருச்சபைக்கு ஆகாது என்று ஒரு தியானக் கூட்டத்தில் யாரோ பிரசங்கம் பண்ணினது அவள் காதில் இருக்கிறது. பங்குச் சாமியாரிடம் கேட்டுவிடலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே, அதுதான் பயம். மகளிடம் சொல்லவில்லை, மகள் வேண்டாம் என்று விட்டுவிடவும் மாட்டாள், அம்மாவுக்காக மனசு வருந்தவும் செய்வாள், ரெண்டும் எதற்கு. சென்னை வந்த பிறகு நிம்மதி, இந்தக் கோயிலில் அவளை யாருக்கும் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியுமே. தெரியட்டும். ஜெரோமுக்குப் பிறகு, ஜெசிக்கு முன்னால், ஆறு மாதத்தில் ஒன்று வந்து போனதும் அவருக்குத் தெரியும். அது ஆணா பெண்ணா என்றுகூட இவளிடம் சொல்லவில்லை, துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். சிஸ்டர் வந்து தலையைத் தடவி, பேர் இல்லாததுக்கும் அவர்கிட்ட இடம் உண்டு எமரென்சி, என்றாள். நம்பத்தான் நினைத்தாள். ஆனால் ஒவ்வொரு வருசமும் கல்லறைத் திருநாளில் எல்லாரும் பேர் சொல்லி மெழுகுவத்தி வைக்கும்போது இவள் ஒரு வத்தியைப் பேர் சொல்லாமல் ஓரமாக வைப்பாள், அது மட்டும் காற்றில் சீக்கிரம் அணைந்துவிடுவதாகத் தோன்றும். அதனால்தானே அன்றைக்கு ஓடிப்போய் நாலு பேரையும் வைத்தாள், முந்திக்கொண்டு, ஒன்றும் பேரில்லாமல் போய்விடக் கூடாது என்று. வைத்ததால் என்ன ஆயிற்று. இப்போது நாலு பேரும் நடுவில் நிற்கிறார்கள், இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல். சவேரி, காப்பாத்தும். லூர்து, இல்லை, லூர்துக்கு என்ன சொல்ல. லூர்து என்ற பேரில்தான் எப்போதும் தட்டுகிறது, அப்படியென்றால் போனது லூர்தா? அப்படி நினைப்பதே அதைத் தள்ளிவிடுகிற மாதிரி. வேண்டாம், காப்பாத்தும், காப்பாத்தும், எல்லாவற்றையும் காப்பாத்தும், போனதையும் காப்பாத்தும். ஆண்டவர் பக்கத்தில் போனது எப்படிப் போனதாகும். அறைக்குள் போன் அடித்தது.

காம்பு கையில் அப்படியே நின்றது. ஒரு தடவைதான் அடித்தது, எடுத்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் மகள் குரல், ஆமா, சொல்லுங்க, அப்புறம் ம், கொஞ்சம் கழித்து ம். ஒரு ம்மில் என்ன தெரியும். பிலவேந்திரனுக்கு ரிசல்ட் சொன்ன அன்றைக்கும் இப்படித்தான் ம் என்றாள், வேலை கிடைத்த அன்றைக்கும் ம் என்றாள், இந்தப் பிள்ளைக்கு ரெண்டுக்கும் ஒரே சத்தம். கீழே தெருவில் ஒருத்தன் பழைய பேப்பர் என்று கத்திக்கொண்டு போகிறான், அவன் கத்துவதை நிறுத்தினால் கேட்கும், நிறுத்தினபோது உள்ளேயும் பேச்சு நின்றிருந்தது. எழுந்து போகலாமா. போனால் முகத்தைப் பார்க்க வேண்டும்.  ஆண்டவரே, மாதாவே, என்ற ரெண்டு வார்த்தைக்கு மேல் ஒரு செபமும் ஞாபகம் வரவில்லை, சின்ன வயதிலிருந்து சொன்ன அத்தனையும் எங்கே போயிற்று. கதவு திறந்தது. ஜெசிந்தா வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை வாரவில்லை, நரை முன்னால் தெரிந்தது. ஒண்ணு வந்திருக்கும்மா, என்றாள். நல்லா வந்திருக்காம். மத்தியானம் வரச் சொல்லுதாங்க.

எமரென்சி தட்டைக் கீழே வைத்தாள். ஸ்தோத்திரம் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கேட்கவே கூடாது என்று வைத்திருந்த கேள்விதான் வந்தது.

"எது?"

"எதுன்னா?"

"ஒண்ணுமில்ல. விடு."

மகள் விடவில்லை. வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், முட்டியோடு முட்டி இடிக்க. கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவள் பார்வை.

"பேர் வச்சிட்டீங்களா?"

எமரென்சி கீரைக்குச்சியைப் பொறுக்கினாள்.   திட்டுவாள் என்று நினைத்தாள், அல்லது சிரிப்பாள், அல்லது அந்தப் புள்ளிக் கதையைச் சொல்வாள். ஜெசிந்தா அம்மாவின் புறங்கையைப் பிடித்துக்கொண்டாள், கை சில்லென்று இருந்தது, அவளும் பயந்துதான் நடந்திருக்கிறாள்.

"நாலுக்குமா?"

"நாலுக்கும்தான்."

"சொல்லுங்க."

சொன்னாள். வாய்விட்டுச் சொல்கிறபோது நாலும் வேறு மாதிரி இருந்தது, வெளி ஆள் கேட்கிற பேர்களாக இருந்தது. பெர்னதெத்து என்றபோது மகள் லேசாகச் சிரித்தாள், ஸ்கூல்ல கூப்பிடவே முடியாதேம்மா, என்றாள். சிரித்த கண்ணிலேயே தண்ணீர் வந்தது. எது வந்திருக்குன்னு எனக்கும் தெரியாது, என்றாள் பிறகு. அதுக்கு இன்னும் தலை எது கால் எதுன்னே வரலம்மா. உள்ளே, வெளியே, அவ்வளவுதான் இப்ப அதுக்குத் தெரியும். மத்தது எல்லாம் இனிமே என் பக்கத்துல வந்து ஒட்டின பிறகுதான். ஒட்டுமோ என்னமோ. கடைசி வார்த்தையைத் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

ஒட்டும் என்று இவள் சொல்லவில்லை. சொன்னால் மகள் நம்பமாட்டாள், இவளுக்கும் தெரியாது. லியோவுக்குப் போன் பண்ணியாயிற்றா என்று கேட்டாள். நிறையத் தண்ணி குடிச்சிட்டு வரணுமாம், வயிறு முட்டி இருந்தாத்தான் ஸ்கேன்ல சரியாத் தெரியுமாம், என்று மகள் எழுந்தாள். இவள் அடுப்படிக்குப் போய்ச் செம்பில் மொண்டு கொடுத்தாள், மகள் நின்றபடியே குடித்தாள், போதும் என்றாள், இன்னும் கொஞ்சம் என்று இவள் ஊற்றினாள். புடவை மாற்றி, பர்ஸ் எடுத்து, அடுப்பு அணைத்திருக்கிறதா என்று ரெண்டு தடவை பார்த்து, வாசல் வரைக்கும் வந்தபோது, கை கழுவவில்லை என்பது தெரிந்தது, கட்டை விரலில் கீரைப் பச்சை. கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து, ஒன்றும் கேட்காமல், பரீட்சைக்குப் போகிற நாளில் நிற்பதுபோல முகத்தைக் கொஞ்சம் தாழ்த்தி நின்றாள். பிள்ளை வெளியே போகும்போது நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது எமரென்சியின் வழக்கம். இன்றைக்கு விரல் பாதி வழியில் நின்றது. போட வேண்டியது அந்தப் பிள்ளைக்கு. அதற்கு நெற்றி இன்னும் வரவில்லை. இருக்கிறவர்களா போனவர்களா, எந்தப் பேர், எந்தச் செபம் என்று ஒன்றும் ஓடவில்லை அவளுக்குள். நெற்றி இருக்கிற பிள்ளைக்குப் போட்டாள்.